எமது இல்லத்துப் பழைய பிக்கப் வண்டி

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடும் பழைய மோட்டார் வண்டிகளைக் கண்டு வியக்கும் வெளியூர் விருந்தினர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இவையெல்லாம் இன்னும் எப்படி ஓடுகின்றன?" ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் என்று பாட்டன்மார் காலத்து வண்டிகள் கல்யாண ஊர்வலத்துக்கும் சந்தைக்கும் ஓடுவதைப் பார்த்தே வளர்ந்த எமக்கு அக்கேள்வி சற்று வேடிக்கையாகத் தோன்றும். அவை தாமாக ஓடவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பமும், அக்குடும்பத்துக்கு வாய்த்த ஒரு திருத்துநரும், எந்தப் பாகத்தை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று அவர்களுக்கிடையே காலமெல்லாம் நடந்துவந்த வழக்கும் இருக்கின்றன.

எமது இல்லத்து வழக்கு 1965இல் தொடங்கியது. அவ்வாண்டில்தான் எம் பாட்டனார் நீர்வேலித் தோட்டத்து வாழைக்குலைகளைச் சந்தைக்கு ஏற்றுவதற்கென, நான்கு ஆண்டுகள் ஓடிய ஒரு மொறிஸ் மைனர் பிக்கப் வண்டியை வாங்கினார். புதியது வாங்க அவருக்கு மனம் இருந்தது. ஆனால் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டி இறக்குமதி இறுகியிருந்த காலம் அது. கைமாறிய வண்டியே கிடைத்தது. இரண்டு பேர் அமரும் முன்னறையும், பின்னால் திறந்த தட்டும், தவளையின் கண்களைப் போல் முன்விளக்குகளும் கொண்ட அவ்வண்டி இன்றும் எமது முற்றத்தில் நிற்கிறது. அது இன்றும் அதே வண்டிதானா என்பதே எம் வீட்டில் அடிக்கடி எழும் வினா.

இந்த வண்டியின் பிறப்பைச் சிறிது சொல்ல வேண்டும். மொறிஸ் மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில், 1959இல், மினியையும் தந்தவர் அவரே. மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் உலகுக்குக் காட்டப்பட்டது. அதற்குச் சிறிது முன்னர், மாதிரி வண்டி மிகவும் ஒடுக்கமாக இருக்கிறதென்று கருதிய இசிகோனிஸ் அதனை நடுவே நெடுக வெட்டச் செய்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் அகலித்தால் அழகாயிருக்கும் என்று தீர்மானித்தாராம். அதற்குள் பம்பர்கள் பழைய அளவில் செய்யப்பட்டுவிட்டன. அவற்றையும் நடுவில் வெட்டி, நான்கு அங்குலத் துண்டு ஒன்றை இடையிட்டு முடித்தார்கள். பொனற்றின் நடுவில் தடித்து ஓடும் பட்டையும் அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. வெட்டி ஒட்டுவதை ஏதோ நம்மூர்க் கராச்சுகளின் கைங்கரியம் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

அதனினும் பெரிய மாற்றமொன்று பின்னர் நேர்ந்தது. 1952இல் மொறிஸ் நிறுவனமும் அதன் பரம வைரியாகிய ஒஸ்ரின் நிறுவனமும் இணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனமாயின. அவ்வாண்டிலேயே மைனரின் பழைய மொறிஸ் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஒஸ்ரின் ஏ 30க்கென ஆக்கப்பட்ட எஞ்சினைப் பொருத்தத் தொடங்கினர். 803 கன சென்ரிமீற்றராக வந்த அந்த எஞ்சின் 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது. ஆகவே உடல் மொறிஸ், இருதயம் ஒஸ்ரின். பிக்கப்பும் மூடு வானும் 1953இல் வந்தன. கார்களைப் போலன்றி இவற்றுக்குத் தனியான சசி உண்டு. எமது வண்டி 1961ஆம் ஆண்டினதாகையால் 948 எஞ்சினோடு வந்தது.

பாட்டனார் காலத்தில் வழக்கு எளிதாயிருந்தது. பாகம் தேய்ந்தால் கொழும்புக்கு எழுதுவார். பொதி புகையிரதத்தில் வரும். 1970க்குப் பிறகு எழுதினாலும் வருவதில்லை. அப்போதுதான் கோப்பாய்ச் சந்திக்கு அண்மையிலிருந்த ஒரு கராச்சில் கையாளாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் எமது வண்டிக்கு வாய்த்தார். இப்போது எழுபதைத் தாண்டிவிட்ட அவரை நாம் 'கராச் அண்ணை' என்றே அழைப்போம். எம் தந்தையார் ஆசிரியராதலின் அவருக்கு 'மாஸ்ரர்'. அரை நூற்றாண்டு கடந்தும் இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்ததை நாம் கேட்டதில்லை.

பின்தட்டின் அடித்தகட்டைக் கறள் தின்றபோது கராச் அண்ணை அதனை வெட்டி எறிந்துவிட்டுப் பனஞ்சலாகைகளை நெருக்கமாக அடுக்கி ஆணியிட்டார். வைரமேறிய பனைக்குக் கறளும் இல்லை, கறையானும் எளிதில் அண்டாது. இருக்கையின் கம்பிச் சுருள்கள் போனபோது தும்புப் பொறி வந்தது. கதவுக் கைபிடி வேறொரு வண்டியினது. கண்ணாடி துடைப்பான் ஒரு பஸ்சினது. இவற்றையெல்லாம் தந்தையார் தடையின்றி ஒப்புக்கொண்டார். 1977க்குப் பிறகு யப்பானிய வண்டிகள் வந்து குவிந்தபோது, அயலவர் பலர் தம் மைனர்களை விற்றனர். எம் வீட்டில் விற்கும் பேச்சு எழுந்ததாகத் தெரியவில்லை. ஓடுகிற வண்டியை ஏன் விற்க வேண்டும் என்பது பாட்டனார் கட்சி.

பின்னர் வந்தது 1990. போரும் பொருளாதாரத் தடையும் குடாநாட்டை மூடின. பெற்றோல் மருந்துபோல் சொட்டுக் கணக்கில் விற்கப்பட்டது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடக் கற்றுக்கொண்டன. இதை ஒரு வித்தைபோல் இப்போது பேசுகிறார்கள். உண்மையில் அது எஞ்சினைச் சிறிது சிறிதாகக் கொன்று பிழைக்கும் வழி. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலின் எமது வண்டியின் பொனற்றுக்குள் ஒரு சிறு போத்தலைத் தொங்கவிட்டு, அதிலிருந்து மெல்லிய குழாய் வழியே காபரேற்றருக்குப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்ப வேண்டும். அது சூடேறியபின் ஒரு திருகாணியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றரில் தங்கிய மண்ணெண்ணெயை எரித்து முடிக்க வேண்டும். தவறினால் மறுநாட் காலை பெற்றோல் விட்டும் எழும்பாது.

மண்ணெண்ணெய்க்கு அழுத்தம் பொறுக்கும் ஆற்றல் குறைவு. ஏற்றத்தில் எஞ்சின் உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் ஒலிக்கும். அதைத் தணிக்கக் கராச் அண்ணை சிலிண்டர்த் தலையின் கீழ் ஒன்றுக்கு இரண்டாகக் கஸ்கற் வைத்து அழுத்தத்தைக் குறைத்தார். பொறி விழும் நேரத்தையும் சற்றுப் பின்தள்ளினார். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து எண்ணெய்த் தொட்டியிற் கலந்து எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கும். அளவுக்கோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். எண்ணெய் கூடிய வண்டியைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பது அக்காலத்துச் சிறுவர்களாகிய நாம் கற்ற பாடம்.

அத்தடைக் காலத்தில் நேர்ந்த ஒன்றே எம் வீட்டு வழக்குக்கு ஒரு சட்டத்தைத் தந்தது. பிறேக் எண்ணெய் தீர்ந்துவிட்டது. எங்கும் கிடைக்கவில்லை. பலர் எஞ்சின் எண்ணெயை ஊற்றி ஓடினார்கள். "ஊத்தினால் இண்டைக்கு நிக்கும், மாஸ்ரர், நாளையிண்டைக்கு றப்பர் கப் ஊதிப் பலூன் மாதிரி வந்திடும், அதுக்குப் பிறகு நிக்காது" என்றார் கராச் அண்ணை. கனிய எண்ணெய் பட்டால் அக்காலத்து இயற்கை இறப்பர் ஊதிக் கெட்டுவிடும் என்பதை அவர் எப்புத்தகத்திலும் படித்தவரல்லர். எமது வண்டி இரண்டு மாதம் முற்றத்தில் நின்றது. குலைகள் சைக்கிளில் சந்தைக்குப் போயின. ஓட வைக்கும் பாகத்துக்குப் பதிலி தேடலாம், நிறுத்தும் பாகத்துக்கும் திருப்பும் பாகத்துக்கும் பதிலி இல்லை என்பது அன்று முதல் எம் வீட்டில் எழுதாச் சட்டமாயிற்று.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் மாலை வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்ததை வாசகர்களிற் பலர் தாமே நடந்து அறிவார்கள். அறியாத இளையோர் தம் பெற்றோரைக் கேட்டறியலாம். எமது வண்டியின் தட்டில் அப்பாச்சியும், அயல்வீட்டு முதியவர் இருவரும், அரிசி மூட்டையும், எமது பாடப் புத்தகங்களும் இருந்தன. கோப்பாயிலிருந்து கைதடிக்கு ஏனைய நாட்களில் சில நிமிடப் பயணம், அன்று விடிந்துவிட்டது. மனிதர் நெருக்கத்தில் வண்டி அங்குலம் அங்குலமாக ஊர, றேடியேற்றர் கொதித்தது. தந்தையார் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைக் கையால் தள்ளச் சொன்னார். மண்ணெண்ணெய் மிச்சமாகும் என்பது ஒரு காரணம்; கொதித்து இறுகினால் முதியவர்களை யார் சுமப்பது என்பது மற்றையது. எமக்குத் தெரியாத மனிதர்களும் வந்து தோள் கொடுத்தனர். பிறேக் நன்றாயிருந்தமையால் நெருக்கத்தில் எவர் காலிலும் அது ஏறவில்லை. அடுத்த ஆண்டு நாம் திரும்பி வந்தபோது வீட்டின் கூரையில் பாதி இல்லை, வண்டி இருந்தது.

பாதை 2002இல் திறந்தபோது, தந்தையாரும் கராச் அண்ணையும் ஒரு சாக்கில் தேய்ந்த பாகங்களைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார்கள். பஞ்சிகாவத்தையைப் பார்த்திராதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். மருதானைக்கு அருகே தெருவின் இருமருங்கும் எஞ்சின்கள், கியர்ப் பெட்டிகள், கதவுகள், விளக்குகள் என்று கழற்றப்பட்ட வண்டிகளின் உறுப்புகள் கூரை தொடும் அளவுக்கு அடுக்கப்பட்டிருக்கும். அங்கே வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. பழைய பாகத்தைக் கையில் கொண்டு செல்ல வேண்டும். கடைக்காரர் "அதேதான்" என்று சொல்வதை நம்பாமல், இரண்டையும் அருகருகே வைத்துப் பல்லெண்ணிப் புரி பார்த்து வாங்க வேண்டும். மைனரின் புரிகள் அங்குல அளவின. யப்பானியப் பாகங்கள் மில்லிமீற்றர் அளவின. இரண்டும் முதல் இரண்டு சுற்று ஒன்றோடொன்று இசைவதுபோற் காட்டி மூன்றாவதில் இறுகிவிடும். இறுகியதை வலிந்து முறுக்கும் கைகளால் எத்தனையோ எஞ்சின்கள் பாழாயின.

அப்பயணத்தில் பொதியோடு வாங்கிய புது றப்பர் கப் ஒரு தொகுதி ஆறு மாதத்தில் வெடித்துவிட்டது. கடையின் பெயர் எதற்கு? பழைய கிடங்கிலிருந்து மண் படிந்த பொதியில் கிடைத்தவை இன்றும் இருக்கின்றன. புதியது எல்லாம் நல்லது என்று எண்ணுவோருக்கு மோட்டார்க் கடைகள் நல்ல பள்ளிக்கூடம். இதற்கு மறுபுறமும் உண்டு: மைனரின் உடற்றகடுகள் 1990களில் எமது நாட்டிலேயே, தென்னிலங்கையில், கையால் அடித்துச் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. வண்டி பிறந்த நாட்டுக்கே தகடு அனுப்பிய நாடு இது.

பிறேக்கின் பிரதான சிலிண்டரைப் பற்றி ஒரு சொல். இசிகோனிஸ் எவ்வளவு மேதையாயினும், அதனைச் சாரதியின் காலடியில், சசியின் நீள்சட்டத்துள் ஒளித்து வைத்தவர் திருத்துநர்களின் சாபத்துக்கு ஆளாகாமல் இருந்திருக்க முடியாது. அடித்தகட்டைக் கழற்ற வேண்டும். அதன் பின்னரும் அதைப் பிடித்திருக்கும் ஆணி வெளியே வராது, ஏனெனில் முன்சில்லைத் தாங்கும் முறுக்குக்கம்பி அதன் வழியை மறித்து நிற்கும். அக்கம்பியைத் தளர்த்தி இறக்கினால்தான் ஒரு சிறு சிலிண்டர் கைக்கு வரும். கராச் அண்ணை இவ்வேலையின்போது மட்டும் வெற்றிலை போடுவதில்லை. வாயில் வெற்றிலை இருந்தால் ஏச முடியாதாம்.

இதைவிட அஞ்ச வேண்டியது முன்சில்லின் கீழ்த்தாங்கி. சில்லு இடமும் வலமும் திரும்புவதற்கு, புரியிட்ட ஒரு நிமிர்தண்டு கீழே ஒரு தாங்கியினுள் திருகப்பட்டிருக்கும். வண்டியின் முன்பாரம் முழுவதும் அந்தப் புரிகளின்மேல். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அங்கே கிறீஸ் ஏற்ற வேண்டும். அதுவும் ஜக்கினால் சில்லைத் தூக்கி, பாரம் இறங்கிய பின் ஏற்றினால்தான் கிறீஸ் உள்ளே போகும். ஏற்றாது விட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் தண்டு தாங்கியிலிருந்து கழன்றுவிடும். உறவினர் ஒருவரின் மைனர் காரில் இது நேர்ந்ததை நாம் கண்டோம். நல்ல வேளையாக மெதுவாகத் திரும்பும் போதுதான் நேர்ந்தது. சில்லு மடிந்து மட்காட்டின் கீழ் படுத்துக்கொள்ள, வண்டி முழந்தாளிட்ட மாடுபோல் தெருவில் இருந்தது. பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள் இருந்தனர், அடியொன்றும் படவில்லை. அன்று மாலையே தந்தையார் எமது வண்டியின் இரு தாங்கிகளையும் கழற்றச் செய்து பார்த்தார். வலப்பக்கத்துப் புரியில் பாதி இல்லை.

இனி, எம் வீட்டில் உண்மையாகவே பிளவை உண்டாக்கிய விடயத்துக்கு வருவோம்.

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு அது மீளத் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடையில் 2022இல் எரிபொருள் வரிசைகள் வந்தன. பழைய வண்டிகளின் விலை ஏறியது. எமது பிக்கப்புக்கும் நல்ல விலை கேட்டு இருவர் வந்து போயினர். அப்போது தோட்டம் தம்பியின் பொறுப்பில் இருந்தது. அதிகாலை நான்கரைக்குத் திருநெல்வேலிச் சந்தையில் குலைகள் இறங்காவிட்டால் அன்றைய விலை போய்விடும். ஆகவே வண்டி எழும்புமா எழும்பாதா என்பது அவருக்கு ஒரு குடும்பத்தின் உலைநீர்ப் பிரச்சினை.

2023இல் எண்ணெய் அழுத்தம் விழத் தொடங்கியது. எஞ்சினைப் பிரித்தபோது கிராங் தண்டு கீறுண்டிருந்தது. கிராங் தண்டு தேய்ந்தால் அதன் கழுத்துகளைக் கடைந்து, அதற்கேற்பத் தடித்த பெயாறிங் இடுவது வழக்கம். முதலில் ஆயிரத்தில் பத்துப் பங்கு அங்குலம், பின் இருபது, முப்பது, நாற்பது. எமது தண்டு மண்ணெண்ணெய்க் காலத்துக்குப் பின் நாற்பதையும் கண்டுவிட்டது. "இனி உரைக்க இடமில்லை, மாஸ்ரர்" என்றார் கராச் அண்ணை. நோயாளியின் உறவினரிடம் வைத்தியர் சொல்வதுபோல் அவர் அதைச் சொன்னார்.

தம்பி தம் கருத்தை உடனே சொன்னார்: யப்பானிய எஞ்சின் ஒன்றையும் அதன் கியர்ப் பெட்டியையும் இறக்கிவிடுவது. இது புதுமையன்று. நாட்டில் எத்தனையோ மைனர்கள் நிசான் எஞ்சினோடு ஓடுகின்றன. பாகங்கள் எக்கடையிலும் கிடைக்கும், எரிபொருளும் மிச்சம், காலையில் ஒரே திருப்பில் எழும்பும். நிசான் அந்நியனுமன்று, 1952இல் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்து, ஏ 40ஐயும் பின்னர் ஏ 50ஐயும் யப்பானில் கட்டியே அந்நிறுவனம் தன் கையைப் பழக்கிக்கொண்டது. தம்பியின் வாதத்தில் பழுது காண எம்மால் இயலவில்லை. உழைக்கும் வண்டி உழைக்க வேண்டும். காட்சிச்சாலைக்கு வைத்துப் பார்க்க எம்மிடம் வசதி இல்லை. தந்தையார் மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் மறுப்பது பழைமையின் மேலுள்ள பற்றினால் என்று தம்பி எண்ணினார். நாமும் அப்படியே எண்ணினோம்.

இரண்டாம் நாள் தந்தையார் கராச் அண்ணையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போட்டால் நிக்குமோ?"

"எஞ்சின் போடுறது ஒரு கிழமை வேலை, மாஸ்ரர். அதுக்குப் பிறகு அதை நிப்பாட்டுறது ஆர்? உங்கடை முன் பிறேக் ஏழு இஞ்சி. முப்பத்தேழு குதிரைக்குச் செய்தது. தம்பி கொண்டுவாற எஞ்சின் அதுக்கு இரண்டு மடங்கு. அப்ப முன்னுக்கு டிஸ்க் பிறேக் வேணும், அதுக்குத் தாங்கி வேணும், கார்டன் தண்டு வெட்டிக் குறுக்க வேணும், சசியிலை துளை போட வேணும். செய்யலாம். செய்தால் பிறகு திரும்பி வர ஏலாது."

தம்பிக்குக் கோபம் வந்தது. "அண்ணை, திரும்பி வந்து என்ன செய்யப் போறம்?" என்று கேட்டார். கேட்டதும் நியாயம்தான். கராச் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பிறகு இதைத் திறக்கிறவன் என்ன செய்திருக்கெண்டு விளங்க வேணும், தம்பி" என்றார். பின்னர் அவரே அளவெட்டியில் ஒரு கொட்டிலில் நிற்கும் மைனர் காரைப் பற்றிச் சொன்னார்: 1966ஆம் ஆண்டினது, 1098 எஞ்சின், முதலாயுளில் நின்றுபோனது.

அவ்வண்டிக்குரியவர் 1998இல் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளிநாடுகளில். அவருடைய மனைவியார், எண்பதைக் கடந்தவர், தனியே இருந்தார். தார்ப்பாயால் மூடிய காரின் அடியைக்கூட நாள்தோறும் கூட்டி வைத்திருந்தார். விற்பதில்லை என்று பலருக்குச் சொன்ன அவ்வம்மையார், தந்தையாரின் மாணவர் ஒருவரின் தாயார் என்பது பேச்சினிடையே தெரியவந்தது. ஆயினும் முதல் நாள் தேநீரோடு திரும்பினோம். இரண்டாம் முறை போனபோது, "எஞ்சினை எடுங்கோ, மாஸ்ரர். காரைக் கொண்டு போகாதையுங்கோ. அவர் விட்ட இடத்திலை அது நிக்கட்டும்" என்றார். விலை எவ்வளவு என்று கேட்டதற்கு விடையே இல்லை. தந்தையார் ஒரு தொகையை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார்.

1098 எஞ்சினின் கிளச் 948இனதைவிடப் பெரியது. கியர்ப் பெட்டியின் வாயும் வேறு. ஆகவே பெட்டியையும் சேர்த்தே எடுக்க வேண்டும். 1962க்குப் பிந்திய மைனர்களுக்கு முன் பிறேக் எட்டு அங்குலம். வலிமை கூடிய எஞ்சினுக்கு வண்டி ஆக்கியோரே கொடுத்த கூடிய தடுப்பு அது. அதனையும் எடுக்க வேண்டும். எடுத்தால் காரின் முன்சில்லு எதில் நிற்கும்? இங்கேதான் தம்பி முதன்முறையாகக் கராச் அண்ணையின் பக்கம் சாய்ந்தார். எமது ஏழு அங்குலப் பிறேக்குகளைத் துப்புரவு செய்து, வர்ணம் பூசி, அளவெட்டிக் காரில் பூட்டிவிடலாம் என்றார் அவர். அப்படியே செய்தோம். நான்கு சில்லிலும் அது நிற்கிறது. பொனற் மூடியிருக்கிறது. உள்ளே எஞ்சின் இல்லை என்பது வெளியிலிருந்து பார்ப்போருக்குத் தெரியாது.

இருபத்தைந்து ஆண்டு உறங்கிய எஞ்சின் இறுகியிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, பத்து நாள் காத்திருந்தோம். பதினோராம் நாள் தம்பி ஸ்பனரில் மெல்லக் கொடுத்த அழுத்தத்துக்கு அது ஒரு விரற்கடை அசைந்தது. பிரித்துப் பார்த்ததில் கிராங் தண்டு ஒருமுறையும் கடையப்படாதது. பிஸ்ரன் றிங்குகளைப் புதிதாக்கி, ஈயம் கலவாத இக்காலப் பெற்றோலைத் தாங்குமாறு புகை வால்வுகளின் இருப்பிடத்தில் கடினமான எஃகு வளையங்களை லேத் பட்டறையில் அமுக்கி எடுத்தோம். வால்வு இடைவெளி ஆயிரத்தில் பன்னிரண்டு, பிளக் இடைவெளி இருபத்தைந்து. கராச் அண்ணையின் கண் இப்போது மங்கிவிட்டது. தகட்டளவுகோலைத் தம்பி பிடிக்க, அவர் அதை இழுத்துப் பார்த்து இறுக்கத்தை விரலால் அறிந்து "காணும்" என்பார்.

தைனமோவை மட்டும் விட்டுக்கொடுத்தோம். அவ்விடத்தில் ஒரு யப்பானிய ஓல்ரநேற்றர் இருக்கிறது. அதற்காகப் பற்றறியின் நேர்முனை உடலோடு பிணைந்திருந்த பழைய முறையை மாற்றி எதிர்முனையைப் பிணைக்க வேண்டியிருந்தது. நான்கு ஆணியும் சில கம்பிகளுந்தான். வேண்டுமானால் ஒரு மாலைப்பொழுதில் பழையபடி ஆக்கிவிடலாம். இது தம்பியின் வெற்றி. அதிகாலை இருளில் விளக்குகள் மங்காமல் எரிவதைத் தந்தையாரும் ஒப்புக்கொள்கிறார், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும்.

யப்பானிய எஞ்சின் இட்டவர்களைக் குறை கூற நாம் எண்ணவில்லை. பிறேக்கும் சசியும் சேர்த்துச் செம்மையாகச் செய்யப்பட்ட வண்டிகள் சிலவற்றில் நாமே ஏறிப் போயிருக்கிறோம். எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு ஏழு அங்குலப் பிறேக்கோடு ஓடும் வண்டிகள் எதிரே வரும்போது மட்டும் ஓரத்துக்கு ஒதுங்கி விடுகிறோம்.

எஞ்சின் இலக்கம் மாறியமையால் பதிவுப் புத்தகத்தைத் திருத்துவதற்கு அலைந்த அலைச்சல் தனிக் கட்டுரைக்குரியது; அதை விடுவோம். அளவெட்டி அம்மையார் ஒருமுறை எஞ்சின் ஓடும் ஓசையைக் கேட்க விரும்பினார். வண்டியைக் கொண்டுபோய் அவர் வாசலில் நிறுத்தினோம். படலையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் கேட்டவர், "இவ்வளவு சத்தம் போடாது, மோனை, அவர் இதைவிட மெதுவாய் வைச்சிருந்தவர்" என்றார். தம்பி உடனே பொனற்றைத் திறந்து, காபரேற்றரின் திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தினார்.

பழைய 948 எஞ்சின் எமது கொட்டிலில் மரக்கட்டைகளின் மேல், எண்ணெய் பூசிய சாக்கினால் மூடப்பட்டிருக்கிறது. அதன் சிலிண்டர்த் தலையை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார், தந்தையார் கொடுக்கவில்லை. கொட்டிலில் உரமூட்டை வைக்க இடம் போதவில்லை என்று தம்பி முறையிட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்ததாகப் பார்க்க வேண்டியது பின்புறத்து இடப்பக்க வில்லுத்தகடு. மூன்றாம் தகட்டில் மயிரிழைபோல் ஒரு கீறலைக் கண்ட கராச் அண்ணை, சுண்ணாம்பால் அடையாளமிட்டுப் போயிருக்கிறார். அதுவரை இருபது குலைக்கு மேல் ஏற்றலாகாது என்பது உத்தரவு.